மாத்திரை எங்கே போனது?

முதலில் ஒரு கதை படிப்போம். பிறகு உண்மையில் நடந்த ஒரு வரலாற்றைப் படிப்போம். கடைசியில் நாம் என்ன செய்யலாம் என்று பேசுவோம்.

1. பாதி மாத்திரை

ராஜஸ்தான் மாநிலத்தில் ஆரவல்லி மலை இருக்கிறது. மலையடியில் ஒரு சின்ன ஊர். வறண்ட பூமி. மழை பெய்தால் மக்காச்சோளம் விளையும். பெய்யாவிட்டால் ஆண்கள் பிழைப்புத் தேடி சூரத்துக்கும் அகமதாபாத்துக்கும் போய்விடுவார்கள். ஊரில் முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள்.

அந்த ஊரில் ஒரு பாட்டி. வயது 76. மகன் சூரத்தில் துணி ஆலையில் வேலை செய்கிறான். பாட்டியும் மருமகளும் பேரனும் ஊரில் இருக்கிறார்கள்.

பாட்டிக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் சொல்லியிருந்தார்: "தினமும் ஒரு மாத்திரை. ஒரு நாள் கூட விடக் கூடாது, பாட்டி." சீட்டில் 30 மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு 30. கணக்கு சரிதான்.

ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் 10 மாத்திரைதான் கிடைத்தது.

"மீதி?" என்று பாட்டி கேட்டார்.

"ஸ்டாக் இல்லை. வெளியே வாங்கிக்கோங்க."

ஒவ்வொரு மாதமும் இதே பதில். வெளியே வாங்கப் பணம் வேண்டும். பஸ்ஸுக்கும் பணம் வேண்டும். பாட்டிக்கு வரும் பணம் ஒன்றே ஒன்று. அது முதியோர் பென்ஷன்.

பென்ஷன் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். வங்கி தூரத்தில் இருக்கிறது. அதனால் வங்கியின் ஏஜென்ட் ஒருவர் சிறிய இயந்திரத்தோடு ஊருக்கு வருவார். பாட்டி அதில் விரலை வைப்பார். ஏஜென்ட் 700 ரூபாய் கொடுப்பார். பாஸ் புத்தகம் அவரிடமே இருந்தது. "நீங்க தொலைச்சிடுவீங்க, பாட்டி. என்கிட்டயே இருக்கட்டும்" என்பார். பாட்டியும் அவரை நல்ல பிள்ளை என்று நம்பினார்.

700 ரூபாயில் எண்ணெய், பருப்பு, பேரனுக்கு நோட்டு. மாத்திரைக்கு மிஞ்சவில்லை. பாட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரையைப் பாதியாக உடைத்தார். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு? ஒரு நாள் விட்டா என்ன ஆகும்?" என்று நினைத்தார்.

மார்கழி மாதம் ஒரு விடியற்காலை. பாட்டி அடுப்பு மூட்ட எழுந்தார். இடது கை அசையவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. மருமகளைக் கூப்பிட்டார். குரல் வந்தது; சொல் வரவில்லை.

மருமகள் 108-க்குப் போன் செய்தாள். மாவட்ட மருத்துவமனையில் டாக்டர் சொன்னார்: "இது பக்கவாதம். மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?"

பாட்டி உயிர் பிழைத்தார். இடது கை பிழைக்கவில்லை.

2. மருமகள் படித்தாள்

மருமகள் ஒரு வருடமாக இரவு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எண்களை வேகமாகவே படிப்பாள்.

அடுத்த மாதம் ஏஜென்ட் வந்தார். மருமகள் சொன்னாள்: "அண்ணா, அத்தையோட பாஸ் புத்தகத்தைக் கொடுங்க."

"எதுக்கும்மா?"

"படிக்கணும்."

ஏஜென்ட் தயங்கினார். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். வேறு வழியின்றிக் கொடுத்தார்.

மருமகள் திண்ணையில் உட்கார்ந்தாள். ஒரு வரிக்கு மேல் விரலை வைத்துப் படித்தாள். வரவு 1000. எடுத்தது 1000. அடுத்த மாதம். வரவு 1000. எடுத்தது 1000. ஒவ்வொரு மாதமும் அப்படியே இருந்தது.

"அத்தை, உங்க கைக்கு எவ்வளவு வந்துச்சு?"

பாட்டியின் வாய் இன்னும் குழறியது. "ஏழு... நூறு."

மாதம் 300 ரூபாய். மாத்திரை வாங்க வேண்டிய பணம் அதில் இருந்தது.

மருமகள் வங்கிக்குப் போனாள். தனியாகப் போகவில்லை. பென்ஷன் வாங்கும் 11 முதியவர்களின் வீட்டிலிருந்தும் ஆள் போனார்கள். எல்லோருடைய புத்தகத்திலும் ஒரு கணக்கு. கைக்கு வந்தது வேறு கணக்கு. மேலாளர் புகாரை எழுத்தில் வாங்கிக்கொண்டார். அந்த ஏஜென்ட் நீக்கப்பட்டார்.

இனி மாத்திரைக் கணக்கு. வகுப்பு நடத்தும் அக்கா ஒரு மனு எழுத உதவினார். இரண்டே கேள்விகள். எங்கள் சுகாதார நிலையத்துக்கு ரத்த அழுத்த மாத்திரை எப்போது, எத்தனை வந்தது? யாருக்கு, எத்தனை கொடுத்தீர்கள்?

27-ஆம் நாள் பதில் வந்தது. பதிவேட்டின் நகல். மருமகள் அதையும் விரல் வைத்துப் படித்தாள். "ஸ்டாக் இல்லை" என்று சொன்ன மாதங்களில் எல்லாம் மாத்திரை இருந்தது. பாட்டியின் பெயருக்கு நேரே 10 என்று எழுதவில்லை. 30 என்று எழுதியிருந்தது.

காகிதத்தில் பாட்டி 30 மாத்திரையும் வாங்கிவிட்டார்.

நகலோடு மாவட்ட அதிகாரியிடம் புகார் போனது. விசாரணை நடந்தது. அதற்குப் பிறகு ஜன்னலில் 30 மாத்திரை கிடைத்தது. பாட்டி அவற்றை ஒரு தகர டப்பாவில் போடுகிறார். வலது கையால் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்.

இடது கை மடியிலேயே கிடக்கிறது.

3. கதை சொல்லும் பாடம்

ஊழல் என்றால் என்ன? பொதுப் பொறுப்பில் இருப்பவர் அந்தப் பொறுப்பைத் தன் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவது ஊழல். லஞ்சம் வாங்குவது மட்டும் ஊழல் இல்லை. மருந்தை வெளியே விற்பதும் ஊழல்தான். எடை குறைத்துப் போடுவதும் ஊழல்தான். பொய்க் கணக்கு எழுதுவதும் ஊழல்தான். வேலைக்கு வராமல் சம்பளம் வாங்குவதும் ஊழல்தான்.

"பணம்தானே போச்சு? போகட்டும்" என்று பலர் சொல்கிறார்கள். முதியவருக்குப் பணம் மட்டும் போவதில்லை. கை போகிறது. கண் போகிறது. சில நேரம் உயிரே போகிறது. ஏன்?

முதியவர் உடம்பு காத்திருக்காது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற நோய்களுக்கு மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். ரத்த அழுத்தம் கூடினால் பெரும்பாலும் வலி தெரியாது. தெரியும்போது காரியம் மிஞ்சியிருக்கும்.

முதியவரால் புதிதாகச் சம்பாதிக்க முடியாது. இளைஞன் 300 ரூபாய் இழந்தால் இன்னொரு நாள் கூலிக்குப் போவான். பாட்டி எங்கே போவார்?

முதியவரால் அலைய முடியாது. "நாளைக்கு வா" என்பது இளைஞனுக்கு ஒரு நாள் நஷ்டம். மூட்டு வலி உள்ளவருக்கு அது மருந்தே வேண்டாம் என்று திரும்பி வரும் முடிவு.

முதியவர் பலருக்குப் படிக்கத் தெரியாது, கண்ணும் மங்கல். காகிதத்தில் என்ன எழுதினாலும் தெரியாது. ஏமாற்றுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு தவறு எப்படி இன்னொன்றாக வளர்கிறது, பாருங்கள்.

கண்புரை வந்த தாத்தா ஒருவர். அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை இலவசம். ஆனால் யாரோ ஒருவர் வாசலில் பணம் கேட்கிறார். தாத்தா திரும்பிவிடுகிறார். பார்வை மங்குகிறது. இரவில் வாசற்படியில் தடுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது. படுக்கையில் விழுகிறார். படுக்கைப் புண் வருகிறது. நெஞ்சில் சளி கட்டுகிறது. அவர் இறந்தால் ஊர் என்ன சொல்லும்? "வயசாயிடுச்சு, போயிட்டார்" என்று சொல்லும். வாசலில் பணம் கேட்டவரை யாரும் நினைக்க மாட்டார்கள்.

ரேஷனும் அப்படித்தான். எடை குறைந்தால் வீட்டில் யார் தட்டில் குறையும்? "குழந்தைகள் சாப்பிடட்டும்" என்று முதலில் கையை எடுப்பவர் பாட்டிதான். சத்துக் குறைந்த உடம்பில் காசம் போன்ற நோய்கள் எளிதில் பிடிக்கும்.

4. உண்மையில் நடந்தது

கதையில் மருமகள் மனு எழுதினாள். பதிவேட்டின் நகல் கிடைத்தது. இது எப்படி முடிந்தது? இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் பிறக்க ராஜஸ்தானின் ஏழை மக்கள் பாடுபட்டார்கள்.

ராஜ்சமந்து மாவட்டத்தில் தேவ்துங்ரி என்று ஒரு சிற்றூர். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அங்கே குடிசையில் தங்கி மக்களோடு வேலை செய்தார்கள். அருணா ராய் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்தவர். 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு தொடங்கியது. உழைப்பாளர், விவசாயிகளின் சக்தி அமைப்பு என்று பொருள்.

வறட்சி நிவாரண வேலையில் மக்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. "நீங்கள் வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று அதிகாரிகள் சொன்னார்கள். "பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று மக்கள் கேட்டார்கள். "அது ரகசியம்" என்று பதில் வந்தது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. ஊர் நடுவே எல்லோரும் கூடினார்கள். கிடைத்த பதிவேடுகள் உரக்கப் படிக்கப்பட்டன. பிறகு பல ஊர்களில் இப்படிக் கூட்டம் நடந்தது. இறந்தவர்களின் பெயரிலும் கூலி எழுதியிருந்தது. ஊரில் இல்லாதவர் பெயரிலும் எழுதியிருந்தது. கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு இருந்தது. கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். பொய்க் கணக்கு பூட்டிய அலமாரியில்தான் வாழும் என்று ஊருக்குப் புரிந்தது.

1996 ஏப்ரலில் பியாவர் என்ற நகரத்தில் மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். 40 நாள் உட்கார்ந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்று கேட்டார்கள். அந்த இயக்கத்தில் நான்காம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் இருந்தார். உனக்கு எதற்கு அரசாங்கக் கணக்கு என்று அவரிடம் கேட்டார்கள். என் மகனிடம் 10 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினாலும் கணக்குக் கேட்கிறேனே, என் பெயரில் அரசாங்கம் செலவு செய்யும் கோடிகளுக்குக் கணக்குக் கேட்கக் கூடாதா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

2000-இல் ராஜஸ்தான் மாநிலம் தகவல் உரிமைச் சட்டம் கொண்டு வந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 12 முதல் அது முழுதாக நடைமுறைக்கு வந்தது.

மருந்திலும் மாற்றம் வந்தது. தமிழ்நாட்டில் 1994-இல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கத் தனிக் கழகம் ஒன்று அமைந்தது. மருந்துகளை ஒரே இடத்தில், வெளிப்படையான டெண்டர் முறையில் வாங்கினார்கள். தரம் சோதித்தார்கள். எந்தக் கிடங்கில் எவ்வளவு இருப்பு என்று கணினியில் பதிந்தார்கள். ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தன் மாநிலத்தில் ஒரு கழகம் அமைத்தது. 2011 அக்டோபர் 2 முதல் அங்கே அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டம் நடக்கிறது.

ஆக, நல்ல திட்டம் வேண்டும். அந்தத் திட்டத்தின் கணக்கைக் கேட்கும் மக்களும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மாத்திரை பாட்டியின் கைக்கு வராது.

5. நமக்கு உள்ள உரிமைகள்

தகவல் கேட்கலாம். வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அலுவலர் உதவ வேண்டும். இதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

லஞ்சம் கேட்டால் புகார் செய்யலாம். லஞ்ச ஒழிப்புச் சட்டம் 1988-இல் வந்தது. 2018-இல் திருத்தப்பட்டது. லஞ்சம் கொடுப்பதும் இப்போது குற்றம். ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கினால், 7 நாளுக்குள் காவல் துறையிலோ விசாரணை அமைப்பிலோ தெரிவிப்பவர் மேல் குற்றம் இல்லை. அதனால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் தனி வரிசை. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-இல் வந்தது. மூத்த குடிமக்களுக்கு மருத்துவமனையில் தனி வரிசை வேண்டும் என்று அது சொல்கிறது.

ரேஷன் கணக்கைப் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. ரேஷன் பதிவேடுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

முதியோருக்கு உதவி எண் 14567. இந்த எண்ணில் பேசக் கட்டணம் இல்லை.

6. எழுதிப் பழகுங்கள்

இந்த மனுவைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், ______ ஆரம்ப சுகாதார நிலையம்.

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் தகவல் கேட்பது.

ஐயா / அம்மா,
கீழே உள்ள தகவல்களைத் தர வேண்டுகிறேன்.
(1) ______ மாதம் முதல் ______ மாதம் வரை ரத்த அழுத்த மாத்திரை எத்தனை வந்தது?
(2) அந்த மாத்திரைகளைக் கொடுத்த பதிவேட்டின் நகல்.

இப்படிக்கு, ______
தேதி: ______

மனுவின் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் கட்டாயம் 30 நாளுக்குள் எழுதிவிடுங்கள்.

7. நினைவில் வையுங்கள்

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நாலரை மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனைக்குப் போனால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பலருக்குக் கொடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

பாஸ் புத்தகம், ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு மூன்றும் வீட்டில் இருக்க வேண்டும். யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். படிக்காத காகிதத்தில் கைரேகை வைக்காதீர்கள்.

8. பேசுவோம்

(1) பாட்டிக்கு மாதம் எவ்வளவு ரூபாய் குறைந்தது? ஒரு வருடத்துக்கு எவ்வளவு? கணக்குப் போடுங்கள்.
(2) மருமகள் ஏன் தனியாக வங்கிக்குப் போகவில்லை?
(3) "வயசாயிடுச்சு, போயிட்டார்" என்று உங்கள் ஊரில் சொல்லப்பட்ட சாவு ஏதாவது நினைவுக்கு வருகிறதா? அவருக்கு மருந்து ஒழுங்காகக் கிடைத்ததா?

9. சேர்ந்து செய்வோம்

இந்த வாரம் உங்கள் தெருவில் உள்ள ஒரு முதியவர் வீட்டுக்குப் போங்கள். அவருடைய பாஸ் புத்தகத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மருந்துச் சீட்டில் எத்தனை என்று எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். டப்பாவில் எத்தனை இருக்கிறது என்று அவரோடு சேர்ந்து எண்ணுங்கள்.

இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால் நோட்டை எடுங்கள். ஆறாம் பகுதியில் உள்ள மனுவை எழுதுங்கள்.

சொல் பொருள்

பதிவேடு – வரவு செலவு, பெயர் முதலியவற்றை எழுதி வைக்கும் அரசு நோட்டு
நகல் – ஒன்றைப் பார்த்து எடுத்த பிரதி
மேல்முறையீடு – கிடைத்த பதில் சரியில்லை என்று மேல் அதிகாரியிடம் முறையிடுவது
பக்கவாதம் – மூளைக்கு ரத்தம் போவது தடைபட்டு அல்லது மூளையில் ரத்தம் கசிந்து கை, கால், வாய் செயல்படாமல் போவது
கண்புரை – கண்ணின் உள்ளே படரும் மங்கல்